பக்கத்து நாற்காலி

திண்டிவனத்துத் தனியார் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம். ஒன்றாம் வகுப்பு அறையின் ஜன்னல் வழியே காலை வெயில் நாற்காலிகள் மேல் சாய்ந்து விழுகிறது. உள்ளே வந்த ரோஜா வாசலருகிலேயே நிற்கிறாள். இலவச ஒதுக்கீட்டில் மகள் கலைப்பிரியாவை இங்கே சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கோதண்டபாணி. அவர் நிலத்தில்தான் ரோஜா மல்லாட்டைப் பயிருக்குக் களை எடுக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லித்தான் இன்று லீவு கேட்டிருந்தாள். காலியாக இருப்பது அவர் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். "ஏன் நிக்கிறீங்க, கலைப்பிரியா அம்மா? உக்காருங்க" என்கிறார் டீச்சர். கோதண்டபாணி எதிரில் தன்னை யாரும் இப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்பது ரோஜாவின் காதுமடலில் சூடாக ஏறுகிறது. கோதண்டபாணி திரும்பிப் பார்க்கிறார். "இன்னா ரோஜா, ஆஸ்பத்திரின்னு சொன்ன? உம் பொண்ணு இங்கயா படிக்குது?" குரலில் கோபம் இல்லை, வியப்புதான். "ஆமாங்க. உங்க பையன் கிளாசுதான்." நாற்காலியை அவளே இழுக்கிறாள். அதன் கால் தரையில் உரசும் சத்தத்துக்கு நான்கைந்து தலைகள் திரும்புகின்றன. நுனியில் உட்கார்ந்தவள், மூச்சை இழுத்துவிட்டு, மெல்ல முதுகைச் சாய்த்துக்கொள்கிறாள். மின்விசிறிக் காற்று இருவர் மேலும் வீசுகிறது. அவர் முழங்கையைச் சற்றே ஒடுக்கிக்கொள்கிறார். கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி ரோஜா சொல்கிறாள்: "அடுத்த தபா ஸ்கூலுக்குன்னே சொல்லிட்டு வர்றேங்க."