வெள்ளைத் தட்டில் தயிர்சோறு

பத்து நாளாக என் மனைவி ராமாத்தாள் ஊறுகாயை மட்டும் தின்றாள். நான் பிசைந்து வைத்த தயிர்சோற்றைத் தொடவே இல்லை. அவளுக்கு மூளையில் நோய் வந்த பிறகு சமையல் என்னுடையது. என் கைப்பக்குவம் பிடிக்காமல் வீம்பு பண்ணுகிறாள் என்று திட்டினேன். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஷகிலா கையகலப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். ராமாத்தாளின் மூளையைப் போலவே ஒன்றைக் கம்ப்யூட்டரில் செய்து அதற்குள் போட்டிருக்கிறார்களாம். அவள் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காட்டுமாம்.

"என்ற பொண்டாட்டி மூளை எனக்கே நாப்பது வருசமாப் புரியல. உங்க பொட்டிக்குப் புரிஞ்சுருச்சாக்கும்?"

"தட்டுக்கு நேராப் புடிச்சுத்தான் பாருங்களேன் ஐயா."

பிடித்தேன். பெட்டியின் திரையில் தெரிந்த தட்டில் ஊறுகாய் மட்டும் இருந்தது. சோறே இல்லை.

"வெள்ளை மேல வெள்ளை அம்மாவுக்குத் தெரியாதுங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நின்று, "என்னைக் காட்டு பாக்கலாம்" என்றேன். ஷகிலா பெட்டியை என் பக்கம் பிடித்துத் திரையைக் காட்டினாள். என் நரைத்த தலை இல்லை, வெள்ளை பனியன் இல்லை, வேட்டியும் இல்லை. முகம் இருந்த இடத்தில் சுவரில் ஈரம் பூத்த மாதிரி ஒரு கறை தெரிந்தது.

மறுநாள் சோற்றை வாழையிலையில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்த, எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் கழித்துவிட்ட சிவப்பு டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

ராமாத்தாள் சோற்றில் கை வைத்தவள், நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"இத்தன நாளா எங்கீங்க போயிருந்தீங்க? சத்தம் மட்டும் கேட்டுச்சு, ஆளக் காணோம்."

இங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இலையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தப்புத்தான் புள்ள. இனிப் போகமாட்டேன், சாப்பிடு."