கூரையில் காய்த்த பிள்ளையார்

காத்தாயியின் குடிசைக் கூரையில் சுரைக்காய் ஒன்று தும்பிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையாராகவே காய்த்திருந்தது. தெருவே திரண்டு கும்பிட்டது. காத்தாயி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குடிசை போட்டவருக்கே மனை என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த நேரம். பட்டா எழுதத் தாசில்தார் வருவதற்குள் தன் நிலத்தில் நின்ற நான்கு குடிசைகளையும் பிரித்துப்போட ஆட்களோடு வந்த மிராசுதார் உத்திராபதி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காத்தாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சாமியே கேட்ட இடம்டா இது. இங்கதான் கோயில் கட்டப் போறேன். நாலு குடும்பமும் நாளைக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார் அவர்.

பக்கத்துக் குடிசைச் செவ்வந்தி, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் கூரைக் கீற்றைத் தானே உருவத் தொடங்கினாள்.

"என்னடி பண்றே? பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு எங்கடி போவே?" என்றாள் காத்தாயி.

"சாமிக்கு இல்லாத இடமாக்கா? வாய்க்கா மேட்டுல படுத்துக்கறேன்."

காத்தாயி குழந்தையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தை பனியில் கிடக்கும். உள்ளே ஓடி, சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் பிடிக்கும் மர அச்சை எடுத்து வந்தாள்.

"அது சாமி இல்லடி. குடிசைய பிரிக்கமாட்டாங்கன்னு, நான்தான் பிஞ்சுலயே இதுக்குள்ள வச்சுக் கட்டினேன். காய் அச்சு மாதிரியே வளந்துடுச்சு. பிரிக்காதடி!"

செவ்வந்தி அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஊர்ல இத்தன பேரு இருக்க, உன் கையாலதான் வரணும்னு நெனச்சிருக்காரு பாருக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கீற்றை உருவினாள்.