அடைத்து வைத்த இரைச்சல்

வால்நட்சத்திரம் சூரியனை நெருங்க நெருங்க, அதன்மேல் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பனி வெடித்து ஆவி பீறிட்டது. சூரியக் காற்று வீட்டைத் தாக்காமல் தள்ளி நிறுத்தியது அந்த ஆவிதான். ஆனால் அதன் அதிர்வில் குழந்தை தூங்கவில்லை என்று, ஜெரோன் நேற்று வெடிப்பின்மேல் இரும்பு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டான்.

இன்று சூரியனில் புயல். சுவரிலிருந்த கதிர்மானியின் முள் சிவப்பைத் தொட்டது.

"மூடியக் கழட்டிட்டு வந்துருதேன். ரேடியோ கேக்கலன்னா கயித்த ரெண்டு தடவ இழுக்கேன்," என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

"பக்கத்துல நிக்காதீய, தூக்கி எறிஞ்சிரும்," என்றாள் அவன் மனைவி இன்ஃபன்டா, ரேடியோவில்.

"தெரியும்ளா. இதான் கடைசி போல்ட்டு..."

தரை குலுங்கியது. தொட்டிலில் குழந்தை வீறிட்டது. முள் மெல்லப் பச்சைக்கு இறங்கியது.

"ஏங்க?"

ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே கயிறு தொய்ந்து மிதந்தது. கயிற்றின் மறுமுனை சுற்றியிருந்த உருளையின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். வெறுங்கயிறாக வந்துகொண்டே இருந்தது.

கைப்பிடி ஒருமுறை வெட்டி இழுத்தது. தரையின் குலுக்கலாகவும் இருக்கலாம். சுற்றுவதை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது தடவையும் இழுத்தது.