சரளைத் தட்டில் நடந்த ஷூக்கள்

ஒலி நாடகங்கள் பதிவாகும் அறை ஒன்றில் ஒரு ஜோடி பழைய ஷூக்கள் இருந்தன. கதையில் யார் நடந்தாலும் அவைதான் நடக்க வேண்டும். சத்தங்களுக்குப் பொறுப்பான ஜெயசீலன் அவற்றைக் கைகளில் மாட்டிக்கொண்டு, சரளைக்கல் பரப்பிய தட்டில் மாற்றி மாற்றி ஊன்றுவார்.

வலது ஷூவுக்கு இருப்பே கொள்ளாது. "வீட்டைவிட்டு ஓடியாச்சு, மலை ஏறியாச்சு, போலீஸுக்குத் தண்ணி காட்டியாச்சு. எல்லாம் இந்த ரெண்டடித் தட்டுக்குள்ள. ஒரு நாளாவது நிஜமா நடக்கணும்" என்று அரற்றிக்கொண்டே இருக்கும்.

"சும்மா கெட" என்று அதட்டும் இடது ஷூ.

ஒரு மதியம் ஜெயசீலனின் செருப்பு அறுந்துபோனது. அதைத் தைக்கக் கொடுப்பதற்காக ஷூக்களைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெருவைத் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி, அதே வழியில் திரும்பி வந்தார்.

இடது ஷூவுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப திருப்திதானே?"

"எங்க நடந்தோம்?" என்று எரிந்து விழுந்தது வலது. "அத்தனை ஹாரன். என் சத்தம் எனக்கே கேக்கல. ஒருத்தர்கூடக் காது கொடுக்கல."

"உன் அடியைப் பாரு, எவ்வளவு மண்ணுன்னு."

அது பார்க்கவில்லை. பதிவு தொடங்குவதைக் காட்ட மைக்குக்கு மேலே இருக்கும் சிவப்பு விளக்கு எப்போது எரியும் என்று தவித்துக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது. ஜெயசீலன் ஷூக்களைத் தட்டில் ஊன்றினார். சரக், சரக்.

"அப்பாடா, இப்பதான் வெளிய வந்தேன்" என்று முணுமுணுத்தது வலது ஷூ. அதன் அடியிலிருந்து மேம்பாலத்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரளையில் உதிர்ந்துகொண்டிருந்தது.