முதுகில் விழுந்த கோடுகள்

"ஒங்க மிஷினு பொய் சொல்லுதும்மா! எம்மக முதுகு பனைமரங்கணக்கா நேரா இருக்கும். இத எவன் நம்புவான்?"

ஜீவிதா என்று பெயர் எழுதிய படத்தைச் சோலைமலை மேசைமேல் வீசினார். நத்தத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, திண்டுக்கல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்திருந்தார்.

சத்யபிரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுடைய ஆராய்ச்சியே இதுதான். இருட்டறையில், முதுகின்மேல் கோடு கோடாக வெளிச்சத்தைப் பாய்ச்சிப் படம் எடுப்பாள். முதுகு நேராக இருந்தால் கோடுகள் இரு பக்கமும் ஒன்றுபோல விழும். முதுகெலும்பு கோணினால் ஒரு பக்கம் வளைந்துவிடும். எக்ஸ்ரே வேண்டாம், தொடக்கூட வேண்டாம். பெண்பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று முகத்தை அவள் படத்தில் விடுவதே இல்லை.

"மிஷினுக்கு உங்க மக மேல என்னய்யா பகை? வலது பக்கக் கோடெல்லாம் எப்படி வளைஞ்சிருக்கு, நீங்களே பாருங்க."

"கோட்டப் பாத்துக் குறி சொல்றியாக்கும்? படிப்பு முடிஞ்சதும் ஜீவிதாவ எம்மச்சினன் மகனுக்குன்னு பேசி வச்சிருக்கு. இது அவுக கண்ணுல பட்டா எம்புள்ள கதி என்னாகுறது? கிழிச்சுப் போட்டுட்டு, நல்லாருக்குன்னு எழுதிக் குடு!"

"மாட்டேன்."

"என்னா திமிரு!"

"ஆமா, திமிருதான்!" நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளும் எழுந்தாள். பிள்ளையின் முதுகைவிட ஊர் வாய்க்கு அஞ்சும் அப்பன்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க. ஒரு தோள் தூக்கியிருக்குன்னு ஸ்கூல் டீச்சர் கண்டுபிடிச்சுத்தானே ஜீவிதாவ இங்க அனுப்பச் சொன்னாங்க? நல்லவேளை, அவங்க பயந்த அளவுக்கு இல்ல. இப்பத்தான் ஆரம்பம். டாக்டர்கிட்டக் காட்டி இப்பவே பெல்ட் போட்டா இதோட நிறுத்திரலாம். விட்டீங்க, வளர வளரக் கோணிக்கிட்டே போகும். அப்புறம் மூச்சு விடவே கஷ்டப்படுவா. கேக்குதா?"

ஓங்கிய சோலைமலையின் கை அப்படியே நின்றது. படத்தை எடுத்தார். வளைந்த கோடுகளின்மேல் மெதுவாக விரலை ஓட்டினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் படத்துல இருக்குற முதுகு... நெசமாவே கோணலா, தாயி?"

"அதத்தான்யா இவ்வளவு நேரமா கத்துறேன்! நாளைக்கே ஜீவிதாவக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டியாரேன். ரெண்டு பேரையும் கூட்டியாரேன்." படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "பெரியவ ஜீவிதாவுக்குத் தோள் தூக்கியிருக்குறது எனக்குத் தெரியும் தாயி. சம்பந்தம் நின்னுரும்னு பயந்து, அன்னைக்கு ஜீவிதான்னு பேரச் சொல்லி நான் அனுப்புனது... முதுகு நேரா இருக்குன்னு நம்பி, எஞ் சின்ன மகள."