பத்துக்குப் பிறகு

“அண்ணை, இதை உங்களாலை பொருத்த ஏலுமே?”

சறோஜினிதேவி மேசையில் வைத்த பையைப் பிரித்ததும் குலசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். சின்னச் சின்ன ரான்சிஸ்டர்கள், வயர்த் துண்டுகள், துளை போட்ட தகடு, எதை எங்கே ஒட்டுவதென்று காட்டும் ஒரு படம். கூடவே ஒரு கசெற். சுருவில் கிராமத்தில் றேடியோ திருத்த அவரை விட்டால் வேறு ஆளில்லை.

“உங்கடை மகனைப் போலை இவரும் குவைத்திலைதானே, அங்கையிருந்து அனுப்பினவர். பேச்சைக் குழப்பிற பெட்டியாம். அவரிட்டையும் ஒண்டு இருக்கு. இதைப் பொருத்தினால்தான் கசெற்றிலை அவர் கதைக்கிறது விளங்குமாம். போனமுறை கசெற் கொண்டுவந்த ஆள், வழியிலை போட்டுக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரல்லே.”

“அதுக்கென்ன தங்கச்சி, செய்து தாறன்.”

“முதல்லை ஒண்டிலையிருந்து பத்துவரை எண்ணியிருக்கிறாராம். அது தெளிவாக் கேட்குமட்டும் குமிழைத் திருகினால் காணுமாம். அதுக்கு அங்காலை…” அவள் கூச்சப்பட்டாள்.

“எனக்குத் தெரியாதே? பத்தோடை நிப்பாட்டிப்போடுவன்.”

மூன்று நாள் ஈயம் உருக்கி ஒட்டியதில் விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டார். நாலாம் நாள் மத்தியானம் கசெற்றைப் போட்டார். தாராக்கூட்டம் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கசெற்றைப் பின்னுக்குச் சுற்றுவதும் திருகுவதுமாக அரை மணித்தியாலம் போனது.

“…எட்டு, ஒன்பது, பத்து.”

சறோஜினியின் புருசன் பாலசிங்கத்தின் குரலேதான்! குலசிங்கத்தின் கை நிறுத்தப் போனது.

“பொறுங்கோ!” குசினியிலிருந்து மனுசி யோகம்மா ஓடிவந்தாள். “புருசன் பெண்சாதிக்குள்ளை இவ்வளவு மறைப்பெண்டால், ஏதோ சுத்துமாத்து இருக்கு. அங்கை வேறை பெட்டை ஆரையும் வைச்சிருக்கிறாரோ?”

“சும்மா இரும்.”

“ஒரு நிமிசம். ஆருக்குத் தெரியப்போகுது?”

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பழியை மனுசியில் போடலாம், ஆசை அவருக்கும்தான் இருந்தது. படலைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

“சறோ, இனிச் சொல்லுறது உமக்கு மட்டும்தான். குலசிங்கம் அண்ணை இதுக்குள்ளை நிப்பாட்டியிருப்பார். அவரை எனக்குத் தெரியும்.”

குலசிங்கத்துக்கு முகம் எரிந்தது. செருப்பால் அடி வாங்கினாலும் இவ்வளவு வெட்கமாக இருந்திராது. ஆனாலும் கை அசையவில்லை.

“அவையின்ரை மகன் தில்லைநாதன் இஞ்சை மறியலிலை, ஜெயிலுக்குள்ளை. சாராயம் வித்துப் பிடிபட்டவன். ஏழு மாசமாகுது. உள்ளுக்கையிருந்து அவன் எழுதித் தாற காயிதத்தை, என்ரை விலாசம் போட்டு அனுப்புறது நான்தான்.”

யோகம்மா அப்படியே கதிரையில் விழுந்தாள். அடுத்த வீட்டு அழுக்கைத் தேடப்போன இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணிவில்லை.

“யோகம்மா அக்கா வந்து கேட்டால், அவன் சுகமா வேலைக்குப் போறானாம் எண்டு சொல்லும். எங்கடை கதையை ஆர் கேட்டாலும் எனக்குக் கவலையில்லை, சறோ. அந்த ரெண்டு பேற்றை மானம் ஊருக்குள்ளை போகக்கூடாது எண்டுதான் இந்தப் பெட்டியே வாங்கினனான்.”