செவ்வந்தி வைத்துக்கொண்ட மாத்திரை

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதும், "நீ முன்னாடி போ, தண்ணியத் திருப்பிட்டு வர்றேன்" என்று மனைவி செவ்வந்தியை மகளின் வளைகாப்புக்கு மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார் ரெத்தினம். நெஞ்சு வலித்தால் அவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் வழக்கம்போல் அவளது சுருக்குப்பையிலேயே போய்விட்டது.

செவ்வந்தி மகளுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நெஞ்சப் பிசையுது. வரப்புல உக்காந்துட்டேன்."

"பக்கத்துல யாருமே இல்லையா?"

"தண்ணிதான் வந்துகிட்டிருக்கு."

மருமகன் இன்னொரு போனில் ஊருக்குச் சொல்லி ஆட்டோ அனுப்பினார். அது போய்ச் சேர நேரமாகும். செவ்வந்தி சுருக்குப்பையை அவிழ்த்தாள். வேறொன்றும் தோன்றாமல், ஒரு மாத்திரையை எடுத்துத் தன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வாயை மூடியதும் அது அங்கே இல்லை. அவள் விழுங்கவும் இல்லை.

"என்னடி இது, நாக்குக்கு அடியில சுருக்குங்குது" என்றார் ரெத்தினம்.

"துப்பிடாதீங்க. கரையட்டும்."

வளையல்களோடு நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். போனில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"விட்டுருச்சு. தலைதான் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

மாத்திரை போட்டால் எப்போதும் வரும் தலைவலி அது.

"நல்லா வலிக்கட்டும்" என்று சிரித்த செவ்வந்தி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே நீளமாகக் குலவையிட்டாள்.

அந்தப் பக்கம், வயலில் கொக்குகள் படபடவென்று எழுந்து பறக்கும் சத்தம் கேட்டது.